கடைசிப் பட்டியலும் குடும்பஸ்தன் கதியும்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. எரித்த விளக்குக்குப் பணம் கொடுக்க மனமில்லாதவருக்காக வாதாடுவது நமது நோக்கமன்று. ஆயினும், காலத்தில் கணக்குக் கொடாமல் இருந்துவிட்டு, ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போதோ, மின்சாரம் சப்ளை செய்பவரை மாற்றிக்கொள்ளும்போதோ, பல மாதத்துப் பாக்கியை ஒரே தொகையாகத் திரட்டி நீட்டி, 'பதினைந்து நாளில் செலுத்து. இல்லையேல் இருட்டில் இரு' என்று சொல்லும் ஸ்தாபனத்துக்கும் சில கடமைகள் உண்டு அன்றோ? கடனாளியின் கடமையைச் சட்டம் உரத்த குரலில் சொல்லுகிறது. கணக்கைத் தாமதித்தவரின் கடமையை முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்நிலை மாற வேண்டும் என்பதே நாம் இங்கே கூற வந்தது.

இவ்விஷயத்தை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம், ஒரே பிரதேசத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் மின்சாரம் விநியோகிக்க வழி செய்தது. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று தனிக் கம்பியும் கம்பமும் அமைத்துக்கொள்ள வேண்டுமென்ற நிபந்தனையால் அந்த ஏற்பாடு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 2022 ஆகஸ்டு 8-ஆம் தேதி லோக்சபையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, ஒருவர் போட்ட கம்பியை மற்றவரும் உபயோகித்து மின்சாரம் விற்க இடந்தர முற்பட்டது. அது நிலைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டு, அந்தச் சபையின் ஆயுளோடு 2024-இல் காலாவதியாயிற்று. எண்ணம் மட்டும் காலாவதியாகவில்லை. 2025 அக்டோபரில் மத்திய மின்சார அமைச்சகம் பொதுஜன அபிப்பிராயத்துக்காக வெளியிட்ட நகல் மசோதாவிலும் அதே கொள்கை மீண்டும் தலைகாட்டியது. ஆகவே, மின்சாரம் விற்பவரை மாற்றிக்கொள்ளும் உரிமை இன்றில்லாவிடினும் நாளை நம் வீட்டு வாசலுக்கு வரக்கூடும். அந்த உரிமையோடு கூடவே வரப்போவது பழையவர் நீட்டும் கடைசிப் பட்டியல். உரிமையைப் பற்றிப் பேசுவோர் பலர். பட்டியலைப் பற்றிப் பேசுவோர் சிலர்.

அந்தப் பட்டியல் எப்படியிருக்கும் என்பதை அறியக் கோடம்பாக்கவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்சாரம் தருகிற ஸ்தாபனம் ஒன்றே ஆதலால் சப்ளைக்காரரை மாற்ற வழியில்லை. ஆனால் வீட்டை மாற்றுவது இங்கே நித்தியப்படி காரியம். 1948-இல் ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து இப்பக்கம் வந்து சேர்ந்தது முதல், சினிமாத் தொழிலை நம்பி வந்தவர்களுக்குக் கோடம்பாக்கமும் வடபழனியும் வாடகை வீட்டுப் பேட்டைகளாயின. டிரஸ்ட்புரம், ரங்கராஜபுரம், யுனைடெட் இந்தியா காலனி முதலிய இடங்களில் ஒவ்வொரு மாதமும் எத்தனையோ குடித்தனங்கள் பெயருகின்றன. ஸ்டூடியோவில் விளக்குப் பிடிப்பவர், தையல்காரர், அச்சகத் தொழிலாளி, கம்ப்யூட்டர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஆகிய இவர்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் மீட்டர் கணக்கு என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. மின் இணைப்போ வீட்டுச் சொந்தக்காரர் பெயரில், உபயோகமோ குடித்தனக்காரருடையது. கணக்கு முடியாதவரையில் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார். அட்வான்ஸ் திரும்பாதவரையில் புது வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்க முடியாது. இடையில் ஒரு பெருந்தொகைப் பட்டியல் வந்து விழுந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் மாதக் கணக்கே நிலைகுலைந்துவிடும்.

தொகை ஏன் பெருந்தொகையாகிறது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறுவது. வெகுகாலமாக இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதே வழக்கம். 2022 செப்டம்பரில் அமுலுக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு உட்பட்டவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ.2.25, அதற்கு மேல் 400 வரையில் ரூ.4.50. 500 யூனிட்டைத் தாண்டியவருக்கோ, 101 முதல் 400 வரையில் ரூ.4.50, அடுத்த 100-க்கு ரூ.6, அதற்கு மேல் 600 வரையில் ரூ.8. ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். முறைப்படி கணக்கெடுத்தால் ஒரு தடவைக்கு ரூ.495, இரண்டு தடவைக்கு ரூ.990. கணக்கெடுப்பவர் ஒரு தடவை வராமற்போய், நான்கு மாதத்து 520 யூனிட்டையும் ஒரே தடவைக்குரியதாக எழுதிவிட்டால் வருவது ரூ.2,110. எரிந்த விளக்கு அதே விளக்கு. ஓடிய மின்விசிறியும் அதே மின்விசிறி. தொகை மாத்திரம் இரண்டு மடங்குக்கு மேல். பின்னர் 2024 ஜூலையில் விகிதங்கள் உயர்ந்தன. படிக்கட்டின் உயரம் கூடிற்றேயன்றி அதன் தன்மை மாறவில்லை. தாமதம் வெறும் தாமதமாக நிற்பதில்லை. அதுவே கடனை வளர்க்கிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுவதில்லை.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது? 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, பணம் கட்டாதவருக்குப் பதினைந்து முழு நாட்கள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம். அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ஒரு தொகை முதன்முதல் செலுத்தவேண்டியதான நாளிலிருந்து இரண்டு வருஷம் கழிந்தால், இடைவிடாமல் நிலுவையாகக் காட்டப்பட்டு வந்தாலன்றி, அதை வசூலிக்கலாகாது என்கிறது. இதைப் படித்த பாமரர், 'இரண்டு வருஷத்துக்கு முற்பட்ட பிழைக்கு நான் பொறுப்பல்லன்' என்று நிம்மதி கொள்வார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. ராஜஸ்தானத்து அஜ்மீர் மின் விநியோக நிகாமுக்கும் ரஹமத்துல்லா கானுக்கும் நடந்த வழக்கில், 2020 பிப்ரவரி 18-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, பட்டியல் போடப்படுகிற நாளில்தான் தொகை 'முதன்முதல் செலுத்தவேண்டியது' ஆகிறது. பிழையைப் பின்னர் கண்டுபிடித்தால், காலம் கடந்தும் கூடுதல் பட்டியல் கொடுக்கலாம். ஆனால் அந்தத் தொகைக்காக விளக்கை அணைக்கலாகாது. 2021-இல் பிரேம் காட்டெக்ஸ் என்னும் ஆலையின் வழக்கில், விட்டுப்போன தொகையைப் பின்னர் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று அதே கோர்ட்டு தீர்மானித்தது. 2023 மே 19-ஆம் தேதி, கேரளத்து நினான் வழக்கில், முந்திய சொந்தக்காரர் வைத்துப்போன பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று விதி செய்வது செல்லும் என்றும் முடிவாயிற்று.

இத்தீர்ப்புகளை நாம் குறைகூறவில்லை. சட்டத்தின் வாசகம் எவ்வாறோ அவ்வாறே நியாயாதிபதிகள் பொருள் கூறினர். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் தோன்றும் சித்திரம் யாது? பிழை செய்தவருக்குக் காலவரையறை தளர்ந்தது. பிழைக்கு ஆளானவருக்குப் பதினைந்து நாட்கள் பதினைந்து நாட்களாகவே இருக்கின்றன. பாக்கி மனிதனைத் தொடர்வதோடு நில்லாமல் வீட்டையும் தொடர்கிறது. கணக்கை எழுதும் பேனா ஒரு கக்ஷியின் கையிலும், தவறினால் வரும் தண்டனை மற்றொரு கக்ஷியின் தலையிலும் இருப்பது வியாபார நியாயமும் ஆகாது. ராஜ நியாயமும் ஆகாது.

பெரிய கடனாளிகள் இவ்விதம் நடத்தப்படுகிறார்களா என்று பார்ப்போம். இந்நகரத்தில் சப்ளைக்காரர் மாறிய சரித்திரம் ஒன்று உண்டு. சென்னைக்கு முதன்முதல் மின்சாரம் தந்தது லண்டன் முதலாளிகளின் மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பொரேஷன். நாடு சுதந்திரமடைந்த இரண்டாவது வாரத்தில், 1947 ஆகஸ்டு 29-ஆம் தேதி, அந்த ஸ்தாபனத்தைச் சென்னை சர்க்கார் விலைகொடுத்து எடுத்துக்கொண்டது. அந்நியரிடமிருந்து வாங்கிய விளக்கைச் சுயராஜ்ய சர்க்காரிடமிருந்து வாங்கும் பாக்கியம் சென்னைவாசிகளுக்குக் கிட்டியது. போன கம்பெனியின் கடைசிக் கணக்கு என்னவாயிற்று? அந்த விற்பனையை ஒட்டி எழுந்த வருமானவரித் தகராறு இங்கிலாந்தில் கீழ்க்கோர்ட்டுகளைக் கடந்து பிரபுக்கள் சபை வரையில் சென்று 1955-இல்தான் முடிவுற்றது. எட்டு வருஷம்! கம்பெனிக்குப் பாரிஸ்டர்கள் இருந்தனர், அப்பீல் இருந்தது, அவகாசம் இருந்தது. தன் கடைசிப் பட்டியலைப் பற்றி வாதாட ஒரு கம்பெனிக்கு எட்டு வருஷமும், ரங்கராஜபுரத்துக் குடித்தனக்காரருக்குப் பதினைந்து நாளும் என்றால், நியாயத்தின் தராசில் எந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1957-இல் அமைந்த தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் கம்பெனிகளாகப் பிரிந்தது. 2024-இல் மறுபடியும் பிரிந்து, வீடுகளுக்குச் சப்ளை செய்யும் பொறுப்பு மின் பகிர்மானக் கழகத்துக்கு வந்தது. இந்த ஸ்தாபனத்துக்கும் கடன் உண்டு. 2017 ஜனவரியில் மத்திய சர்க்காரின் 'உதய்' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது, வாரியக் கம்பெனியின் கடனில் ரூ.30,420 கோடியைக் கணக்கிட்டு, அதில் முக்கால் பங்காகிய ரூ.22,815 கோடியை ராஜ்ய சர்க்கார் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அது அவசியமான காரியமே. கடனில் மூழ்கிய ஸ்தாபனத்தை அப்படியே விட்டிருந்தால் ஊரே இருண்டிருக்கும். ஆனால் அந்தச் சுமை முடிவில் யாருடையது? வரி செலுத்தும் அதே ஜனங்களுடையது. பெருங்கடனில் சிக்கிய வாரியத்துக்குப் பொறுமையும் பங்கீடும் காட்டிய ஜனங்கள், சிறுகடனில் சிக்கிய தமக்கும் அந்தப் பொறுமையில் ஒரு துளி காட்டப்பட வேண்டுமென்று கேட்பது பேராசையாகுமா?

தவணை என்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனையுமன்று. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது ஆணை, 11-ஆவது விதியின்படி, பணம் கொடுக்க வேண்டுமென்று டிக்ரி செய்யும் கோர்ட்டே தக்க காரணம் இருந்தால் அதைத் தவணையாகச் செலுத்த உத்தரவிடலாம். சாட்சியம் கேட்டு, வாதம் கேட்டு, கடன் உண்மையென்று தீர்ந்த பிறகு கோர்ட்டு காட்டும் இந்தக் கருணையை, சாட்சியமும் வாதமும் இல்லாமல் ஒரு குமாஸ்தா அச்சிட்டுத் தரும் பட்டியலுக்கு ஏன் காட்டக்கூடாது? 1937-இல் பதவியேற்ற ராஜாஜி மந்திரிசபை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிப் பழங்கடன்களின் வட்டிப் பாக்கியைத் தள்ளியபோது, 'கடன் என்ற நம்பிக்கையே அழிந்துவிடும்' என்று அபயக்குரல் எழுப்பியோர் உண்டு. நம்பிக்கை அழியவில்லை, விவசாயி பிழைத்தான். கடனைத் தீர்க்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதும், தீர்க்கக்கூடிய காலத்துக்கு நீட்டுவதும் கடன் கொடுத்தவருக்குமே அநுகூலமானவை என்பது அந்த அநுபவம் புகட்டிய பாடம்.

சப்ளைக்காரரை மாற்றும் உரிமை ஏற்கெனவே வந்த இடங்களில் நடந்ததென்ன? முதலில் மும்பையைப் பார்ப்போம். அந்நகரின் புறநகர்களில் வீடுகளுக்கு மின்சாரம் விற்க டாடா பவர் கம்பெனிக்கு உரிமையுண்டு என்று 2008 ஜூலை 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன், ரிலையன்ஸ் கம்பெனியின் கம்பியிலேயே டாடாவின் மின்சாரத்தைப் பெற வழி செய்தது. குறைந்த விலையை நாடிப் பல குடும்பங்கள் மாறின. பின்வந்த வருஷங்களில், மாறிப்போனவர்களும் பழைய கம்பெனியின் வசூலாகாத பழஞ்செலவில் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டுமென்று ஏற்பட்டது. விலை நிர்ணயத்தில் அந்தந்த வருஷம் சேர்க்காமல் தள்ளிவைத்த செலவை 'ஒழுங்குமுறைச் சொத்து' என்று கணக்கில் எழுதிவைப்பது வழக்கம். பெயர் சொத்து, குடும்பஸ்தனுக்கு அது கடன். 2018-இல் ரிலையன்ஸின் அந்த வியாபாரமே அதானி கைக்கு மாறிற்று. முதலாளி மாறலாம், கம்பெனியின் பெயரும் மாறலாம். பழைய பாக்கி மட்டும் வாடிக்கைக்காரரை விட்டு மாறுவதில்லை. இவ்விதம் ஆண்டுக்கணக்கில் குவிந்த தொகைகளை வரையறுத்த காலத்துக்குள் தீர்க்க வேண்டுமென்று 2025 ஆகஸ்டு 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. அதைத் தீர்ப்பது என்றால் வாடிக்கைக்காரரிடம் வசூலிப்பது என்பதைத் தவிர வேறு பொருள் பெரும்பாலும் இராது.

அடுத்து இங்கிலாந்து. அங்கே 1999-க்குள் எல்லா வீடுகளுக்கும் சப்ளைக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் பாக்கி வைத்தவர் மாறிப்போவதைப் பழைய கம்பெனி ஆட்சேபிக்கலாம். 2021-இல் எரிவாயு விலை ஏறியபோது கம்பெனிகள் வரிசையாக முறிந்தன. 'பல்ப்' என்ற பெரிய கம்பெனி அவ்வருஷம் நவம்பரில் சர்க்கார் செலவில் நடக்கும் விசேஷ நிர்வாகத்துக்குள் போயிற்று. 2023 பிப்ரவரியில், பாக்கிக்காக ஏழைகளின் வீட்டில் பலவந்தமாக நுழைந்து முன்பண மீட்டர் பொருத்தும் கொடுமை அம்பலமாகி, ஒழுங்குமுறை அதிகாரிகள் அதை நிறுத்த வேண்டி வந்தது. இவ்வளவு தீமைகளுக்கிடையிலும் அந்நாட்டார் சில நல்ல விதிகளைச் செய்திருக்கிறார்கள். மாறிப்போனவருக்கு ஆறு வாரத்துக்குள் கடைசிப் பட்டியல் கொடுக்கப் பழைய கம்பெனி முயல வேண்டும். 2018 முதல், கம்பெனியின் பிழையால் விட்டுப்போன தொகையில் பன்னிரண்டு மாதத்துக்கு முற்பட்டதை வீட்டாரிடம் கேட்கலாகாது. பாக்கியைத் தவணையாக்கும்போது அந்தக் குடும்பத்தின் சக்தியைக் கவனித்தே தவணைத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். ஆங்கிலேயன் போனாலும் அவன் சட்டப் புத்தகங்களை நாம் வைத்துக்கொண்டோம். அவனுடைய சந்தையை இறக்குமதி செய்ய விரும்புவோர், அந்தச் சந்தைக்கு அவன் போட்ட வேலியை மாத்திரம் கப்பலில் ஏற்றாமல் விட்டுவிடலாகாது.

போட்டி வந்தால் விலை குறையும், விலை குறைந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்வோருக்கு நம் தென்னாட்டுச் சரித்திரமே மறுமொழி கூறும். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது, எதிரிக் கம்பெனி தூத்துக்குடி-கொழும்புக் கட்டணத்தை அடியோடு குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் பரிசளித்தது என்பர். குடை கொடுத்த கைதான் சுதேசிக் கம்பெனியை ஒழித்தது. சலுகை விலை காட்டி அழைப்பவரை ஜனங்கள் நம்பலாம். ஆனால் போகும் நாளில் என்ன கேட்பார் என்பதை வரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நமது யோசனைக்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. ஒருவர் பாக்கியை நீட்டித்தால் ஒழுங்காகச் செலுத்தும் மற்றவர் தலையில் அது விழும் என்பது முதல் ஆட்சேபம். நாம் கேட்பது தள்ளுபடியன்று, அவகாசம். முதல் முழுவதும் வந்து சேரும். ஒரே தடவையில் கேட்டு வாராமற்போகும் தொகையைவிடத் தவணையில் வந்து சேரும் தொகை ஸ்தாபனத்துக்கு லாபமே. ஏமாற்றுக்காரர்களுக்கு இது இடந்தரும் என்பது இரண்டாவது. மீட்டரைக் கெடுத்தவருக்கும் மின்சாரம் திருடியவருக்கும் சட்டத்தில் தனிப் பிரிவுகள் உண்டு. அவர்களுக்காக நாம் பேசவில்லை. ஸ்தாபனத்தின் சொந்தப் பிழையால் நேர்ந்த பாக்கியையே குறிப்பிடுகிறோம். முன்பண மீட்டர் எங்கும் வந்துவிட்டால் பாக்கி என்பதே இராது என்பது மூன்றாவது. 2021-இல் மத்திய சர்க்கார் வகுத்த விநியோகச் சீர்திருத்தத் திட்டம் அந்த மீட்டர்களைப் பரப்ப முயல்வது உண்மைதான். ஆனால் பழைய பாக்கியை அதே மீட்டரின் வழியாக அன்றாடம் பிடித்துக்கொண்டால், கையில் காசில்லாத நாளில் விளக்குத் தானே அணையும். அறிவிப்பும் இராது, ஆட்சேபிக்க ஆளும் இரார்.

ஆகவே, சப்ளைக்காரர் பலராவதற்கு முன், கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் சட்டத்திலும் ஒழுங்குமுறைக் கமிஷனின் விதிகளிலும் ஐயத்துக்கிடமின்றி எழுத வேண்டுமென்று கோருகிறோம். முதலாவது, வீட்டைக் காலி செய்பவருக்கும் சப்ளையை மாற்றுபவருக்கும் அந்த நாளன்றே மீட்டரைப் பார்த்துக் குறித்த காலத்துக்குள் கடைசிப் பட்டியல் தரப்பட வேண்டும். தந்தபின் அதற்கு முற்பட்ட காலத்துக்கு வேறு தொகை கேட்கலாகாது. இரண்டாவது, ஸ்தாபனத்தின் பிழையானால் ஒரு வருஷத்துக்கு முற்பட்ட தொகை தள்ளப்பட வேண்டும். மூன்றாவது, பல மாதத்து உபயோகத்தை அந்தந்தக் காலத்துக்குப் பிரித்தே படிக்கட்டு விகிதம் கணக்கிடப்பட வேண்டும். நான்காவது, வாடிக்கைக்காரர் கட்டிய டிபாசிட்டு வட்டியோடு முதலில் கழிக்கப்பட வேண்டும். ஐந்தாவது, பிழை எத்தனை மாதம் நீடித்ததோ அத்தனை மாதமாவது திருப்பிச் செலுத்த அவகாசம் வேண்டும். அதற்கு வட்டியும் கூடாது, துண்டிப்பும் கூடாது. பதினெட்டு மாதம் நீடித்த பிழையால் ரூ.18,000 பாக்கி ஏற்பட்டதானால், மாதம் ரூ.1,000 வீதம் பதினெட்டு மாதத்தில் தீரட்டும். இந்த அவகாசம் அதிகாரியின் தயவாக இல்லாமல் குடிமகனின் உரிமையாக இருத்தல் வேண்டும். ஆறாவது, தகராறிலுள்ள பாக்கியைக் காட்டிப் புது இணைப்பையோ புதுச் சப்ளையையோ மறுக்கலாகாது.

சட்டம் மாறும்வரையில் வாசகர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் குடிபோகும் நாளிலும் வெளியேறும் நாளிலும் மீட்டர் எண்ணைப் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். பெருந்தொகைப் பட்டியல் வந்தால், எந்தக் காலத்துக்கு, எந்த விகிதத்தில், எதனால் என்று எழுத்து மூலம் கேளுங்கள், வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். 56-ஆவது பிரிவின் ஷரத்துப்படி, தகராறான தொகையையோ, முந்திய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகையையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால், தகராறு தீரும்வரையில் இணைப்பைத் துண்டிக்கலாகாது. இந்தப் பாதுகாப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. 42-ஆவது பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கே நீதி கிடைக்காவிடில் மின்சார ஆம்பட்ஸ்மனுக்கும் மனுச் செய்யலாம். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: குடித்தனக்காரரின் அட்வான்ஸ் அவருடைய அடுத்த வீட்டுக்கான அஸ்திவாரம், தகராறான பட்டியலைக் காட்டி அதை முழுவதும் பிடித்துவைப்பது தர்மமாகாது.

அந்நியக் கம்பெனியின் கையிலிருந்த விளக்கைச் சுயராஜ்யம் நம் கைக்குக் கொண்டுவந்தது. அதை மறுபடியும் பல கம்பெனிகளின் கைக்குக் கொடுப்பதா, இல்லையா என்பதைப் பார்லிமெண்டு தீர்மானிக்கட்டும். அதைப் பற்றி வாதிக்க வேறு சமயம் உண்டு. எந்தக் கையில் இருந்தாலும் சரி, கணக்கைத் தாமதித்தவர் அந்தத் தாமதத்தின் பலனைக் குடும்பஸ்தன் தலையில் ஏற்றலாகாது என்ற ஒரு வரியைச் சட்டத்தில் எழுதத் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் முன்வர வேண்டும். கட்சி பேதமின்றி எல்லோரும் ஒப்பக்கூடிய வரி அது. மசோதா வந்த பிறகு கூச்சலிடுவதைவிட, வருமுன்பே அந்த வரியை எழுதிக் கையில் வைத்துக்கொள்வதே விவேகமாகும்.